ராவிலெ என்றால் காலை

பதினாறாம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், என் அக்காவைத் தைரியசாலி என்கிறீர்கள். கூடப் பிறந்த எனக்கு அதில் சம்மதமில்லை. அக்கா கடைசிவரை பயந்துகொண்டே இருந்தவர். பயந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்தார்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்த அக்கா, ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிய கூலியில்தான் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். அவருடைய முப்பத்தைந்தாவது வயதில் அத்தான் தவறினார். அடுத்த வருஷமே ஆபீசில் மிஷின் வந்துவிட்டது. அக்காவுக்கு ஒரே மகள். வேறு தொழில் எதுவும் தெரியாது.

மலையாள நாட்டில், ஆரியசாலை மொத்தக்கடையில் வேலை பார்த்துவந்த நான், இருவரையும் கரமனைக்கு அழைத்து வந்தேன். வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் வேலைக்குப் படிப்பு கேட்கமாட்டார்கள்; மலையாளம் தெரிந்தால் போதும். பூஜப்புரையில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவருக்கு ஆள் தேடிய அவருடைய மகளிடம், "சேச்சிக்கு மலையாளம் நன்னாயிட்டு அறியாம்" என்று போனில் கூசாமல் சொன்னேன். அக்காவுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

"எலே, பயமா இருக்குல. அந்தம்மாவுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா என்னைப் போலீசுல பிடிச்சுக் குடுத்துருவாவ" என்றார் அக்கா.

"போகப் போகப் பழகிரும், எக்கா" என்றேன். மாத்திரை கொடுக்கப் போவது நானில்லையே.

இரண்டாம் நாள் டீச்சரம்மாவின் மகள் வெளியூர் கிளம்பும்போது சர்க்கரை மாத்திரையைக் காட்டி, "இது ராவிலெ கொடுக்கணம், கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஊரில் ரா என்றால் இரவு. அக்கா நன்றாகத் தலையாட்டி, அன்று படுக்கும் முன் மறக்காமல் கொடுத்துவிட்டார். அங்கே ராவிலெ என்றால் காலை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

விடிந்தபோது டீச்சரம்மா உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தார். அக்கா எனக்குப் போன் செய்தார். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "தெரியாதுன்னு சொல்லிரு" என்று அக்காவின் காதில் சொன்னேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"சர்க்கரை மாத்திரைய ராத்திரி நாந்தான் குடுத்தேன். ராவிலன்னு சொன்னாவ. ராத்திரின்னு நெனச்சுட்டேன்."

அதைக் கேட்டதும், இரவில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது டாக்டருக்குப் புரிந்தது. குளுக்கோஸ் ஏறி, மதியத்துக்குள் டீச்சரம்மா பேசினார். பதறி வந்த மகள் அக்காவைப் பார்த்து, "மலையாளம் அறியாமென்னு பறஞ்ஞது ஆரா?" என்று கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "நாந்தான் சொல்லச் சொன்னேன்" என்றார். பக்கத்தில் நின்ற நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினேன்.

உண்மையை ஒளிக்காதவர் என்று அவரையே அந்த வீட்டில் வைத்துக்கொண்டார்கள். டீச்சரம்மா பிறகு ஆறு ஆண்டுகள் அக்காவின் கையால்தான் கஞ்சி குடித்தார். அதற்குப் பிறகு போன வீடுகளிலும் மாத்திரை அட்டைகளில் சூரியனும் பிறையும் வரைந்து வைத்துக்கொண்டார் அக்கா. மலையாளம் சரளமான பிறகும், மாத்திரையைப் பிரிக்கும் முன் காலையா இரவா என்று இரண்டு முறை கேட்டுக்கொள்வார். அந்தப் பயத்தோடு உழைத்துத்தான் மகளை நர்ஸ் ஆக்கினார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம், இந்த மருந்து ராவிலெ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கண் மூடிக் கிடந்த அக்கா என் விரலைப் பிடித்தார். "காலையிலதாம்ல. மறந்துராத" என்றார். தெளிவாக என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

அக்காவின் நோயில் இரத்தம் தந்தவர்கள், சோறு கொண்டு வந்த கரமனை அண்டை வீட்டார், ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த உறவினர் எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. டீச்சரம்மாவின் மகளும் இன்று வந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பந்தி முடிந்ததும் இதை நானே அவருக்கு மலையாளத்தில் சொல்லப் போகிறேன்: அன்று அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது அக்கா இல்லை; நானாகவே சொன்னேன். அக்காவைப் போலப் பயந்துகொண்டேதான்.