வலிக்காத கட்டி

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கையெழுத்துப் போடுவதோடு என் படிப்பு சரி — வாராவாரம் இந்தப் பத்திரிகைக்கு நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். உங்களுக்குத் தெரிந்ததுதானே?

போன செவ்வாய்க்கிழமை கடைக்குட்டி முருகேசன் மதுரையிலிருந்து போன் போட்டான். "எம்மா, இந்தத் தடவையும் ஸ்கேன் சுத்தம். ரத்தமும் சுத்தம்." கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் குலவை போட்டேன்!

பின்னே? தீப்பெட்டி லோடு ஓட்டுகிறவன், முப்பத்தொரு வயது. போன வருஷம் ஒருநாள் அவன் நடை சரியில்லை.

"ஏலே, ஏன் காலை அகட்டி நடக்க?"

"சூடும்மா. இன்ஜின் சூடு. விளக்கெண்ணெய் தேய்க்கேன்."

"எங்கன?"

தலையைக் குனிந்துகொண்டே இடத்தைச் சொன்னான். எங்கள் கரிசல் பக்கம் எதற்கெடுத்தாலும் சூடு, எல்லாச் சூட்டுக்கும் விளக்கெண்ணெய். வலது விரையில் கட்டி... மூன்று மாதமாகத் தேய்த்திருக்கிறான்!

"வலிக்காலே?"

"இல்லம்மா. கல்லு கணக்கா கிடக்கு. வலிக்கல, அதான் விட்டுட்டேன்."

நான் ஆடு வளர்த்தவள். விரையைத் தடவிப் பார்க்காமல், சினைக்கு விட எந்தப் பொலிகிடாவையும் விலைக்குப் பிடித்ததில்லை. ஒரு பக்கம் கல்லாக இருந்தால் வேண்டாம் என்றுவிடுவேன். கிடாவுக்கு இல்லாத வெட்கம் பெற்ற மகனிடம் எதற்கு? அன்றைக்கே மதுரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா ஸ்கேனும் ரத்தமும் பார்த்து, அடிவயிற்றோரம் கீறி, அந்த விரையையே எடுத்துவிட்டார். "லேபுக்கு அனுப்பியிருக்கோம் பாட்டி. புற்றுநோயில எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த வைத்தியம்."

"கட்டியில வகை வேற இருக்கா தாயி?"

தாளில் படம் போட்டார். பெரும்பாலும் விந்தணு உருவாகும் செல்லில் முளைப்பவையாம். அதில் இரண்டு கூட்டம். செமினோமா — மெதுவாக வளரும், மருந்துக்கு நன்றாகப் பணியும். செமினோமா அல்லாதவை — பல ரகம் கலந்தே கிடக்கும், வேகமாக ஓடும். அதற்கும் மருந்து உண்டு. ஹார்மோன் சுரக்கும் செல்லில் வருவது அபூர்வம். வயதான ஆண்களுக்கு என்றால் லிம்போமா, வெள்ளையணுவில் பிறப்பது.

எனக்கா புரியாது? களையிலே அருகு வேறு, கோரை வேறு. கோரையை மேலே கிள்ளினால் கிழங்கு சும்மா இருக்குமா? பேர் தெரியாத களையில் நான் கைவைத்ததே இல்லை.

பத்து நாள். முருகேசன் சோற்றைப் பிசைந்தான்... தின்னவில்லை. ரிப்போர்ட் வந்தது: செமினோமா. பரவவில்லை! அவ்வப்போது ஸ்கேனும் ரத்தமும் பார்த்தால் போதுமாம். "ஒண்ணு இருந்தாலே பிள்ளை பெறலாம்" என்றார் டாக்டரம்மா. அன்று மூன்று தட்டுச் சோறு தின்றான் என் மகன்.

இப்போது லாரி ஷெட்டில் அவனே சொல்கிறான்: "அண்ணாச்சி, குளிக்கும்போது தடவிப் பாருங்க."

"என்னலே, உங்கம்மா கிடா பாத்த மாதிரியா?" என்று சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே தடவிப் பார்க்கட்டும்!

ஏட்டி, 'விரை'ன்னே எழுதுனியா, இல்ல வெக்கப்பட்டு 'அந்த இடம்'னு மாத்திட்டியா? எங்க, முதல்லேருந்து வாசி... சத்தமா.