ஒன்பதாம் நம்பர் பாத்தியும் முப்பத்தொரு சாமிகளும்

எங்கள் செம்பூர் சொசைட்டியில் ராஜலக்ஷ்மி என்று சொன்னால் யாருக்கும் முகம் ஞாபகம் வராது. இரண்டாவது மாடி வேங்கடசுப்ரமணியன் மாமாவின் தங்கை என்று சொன்னால் "ஓ, குடை ஆபீஸா" என்பார்கள். ரயிலில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை வைத்திருக்கும் ஆபீஸில் அவளுக்குக் குமாஸ்தா வேலை. இருபத்தாறு வருஷமாகக் குடை, டிபன் பாக்ஸ், லேப்டாப், ஒரு தடவை ஒரு பல்செட் என்று எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டி, ரிஜிஸ்டரில் எழுதி, உரியவர் வந்தால் கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்புகிறாள். பில்டிங் பிள்ளைகளுக்கு அவள் ராஜி அத்தை. கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பத்தொன்பது.

அண்ணா வீட்டு ஹாலில்தான் படுக்கை. மன்னி சீரியல் பார்த்து முடித்து, மாமா நியூஸ் பார்த்து முடித்து, யாராவது விருந்தாளி வந்திருந்தால் அவர்களும் கிளம்பிய பிறகு திவானைச் சரிசெய்து படுப்பாள். புடவைகள் திவானுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில். அந்த வீட்டில் யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை, அதை நான் கோயிலில் சூடம் அடித்தே சொல்வேன். இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இடம் என்று ஒன்று வேண்டுமென்று அவளும் கேட்டதில்லை. எது சொன்னாலும் "சரி" என்பாள்.

போன ஜூன் மாதம் சொசைட்டி கமிட்டி, பின்பக்கக் காம்பவுண்ட் சுவரை ஒட்டிய காலி நிலத்தைப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்து, ஆசைப்படுகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பதாக நோட்டீஸ் ஒட்டியது. ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு பெயர். மாமாவுக்கு ஆர்வமில்லை. அத்தை ஆபீஸ் போகிற அவசரத்தில், ஒரு கையில் டிபன் பையோடு, ஃபாரத்தில் தன் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நம்பர் விழுந்தது. அதைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏனென்றால் ஒன்பதாம் நம்பர் பாத்தி என்பது காடு. இடுப்பளவு புல், முள், பெயர் தெரியாத கொடி. அதோடு சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று. அதன் அடியில் எந்தக் காலத்திலோ யாரோ கண்ணாடி உடைந்த ஒரு பிள்ளையார் படத்தைச் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்கள். குப்பையில் போட்டால் பாவம், வீட்டில் வைத்தால் ஆகாது, மரத்தடியில் வைத்தால் இரண்டும் இல்லை. அதைப் பார்த்து அடுத்தவர் ஒரு முருகரை வைத்தார். பிறகு லக்ஷ்மி, வேங்கடாசலபதி, காலண்டர் ஐயப்பன் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சாமி இருக்கிற இடத்தில் யார் கை வைத்துக் களை பிடுங்குவார்கள்? பத்து வருஷமாக யாரும் வைக்கவில்லை.

நோட்டீஸில் செக்ரட்டரி கணேசபாண்டியன் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். ஆகஸ்ட் பதினைந்து, கொடியேற்றம் முடிந்ததும் கமிட்டி பார்வையிடும். களை இருக்கக் கூடாது, பயிர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாத்தி லிஸ்டில் அடுத்த பெயருக்குப் போகும். அடுத்த பெயர் மூன்றாவது மாடி வெங்கி. அவன் குலுக்கல் நடந்த மறுநாளே டேப் கொண்டுவந்து ஒன்பதாம் நம்பரை அளந்துவிட்டு, அத்தையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனான்.

அத்தை "ஒன்பது, ராஜலக்ஷ்மி" என்று எழுதிய அலாட்மென்ட் சீட்டை ரயில் பாஸ் கவரில் பாஸுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். ஹார்பர் லைனில் டிக்கெட் பரிசோதகர் வந்தபோது முதலில் அதைத்தான் நீட்டினாளாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தோசைத் திருப்பியோடு இறங்கினாள். மண்ணைக் கிளற அதுதான் வசதியாக இருக்குமென்று யாரும் சொல்லவில்லை, அவளே முடிவு செய்தது. மேலே ரெயின்கோட், காலில் அண்ணாவின் பழைய ஆபீஸ் ஷூ. தோசைத் திருப்பி பத்து நிமிஷத்தில் வளைந்தது. பிறகு கத்தரிக்கோலால் புல்லை ஒட்ட வெட்டினாள். சாயந்திரம் பார்த்தால் பாத்தி முடிவெட்டிக்கொண்ட பையன் மாதிரி சுத்தமாக இருந்தது. மூன்று நாள் மழை பெய்தது. நாலாம் நாள் அதே புல், முன்பைவிடச் செழிப்பாக.

அப்புறம்தான் அந்தப் புல் கோரை, கோரை என்பது வெட்டுவதற்கில்லை, அடியில் கிழங்கு இருக்கிறது, அதைத் தோண்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். தோண்டினாள். தோண்டிய கிழங்கையெல்லாம் ஓரமாகக் குவித்துவைத்தாள். அவை குவித்த இடத்திலேயே வேர்விட்டு முளைத்தன. வெண்டைக்காய் விதை பாக்கெட் வாங்கி வந்து ஒரே குழியில் இருபது விதையைக் கொட்டி மூடினாள். ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமே என்றாள். கூட்டத்தில் படுத்துப் பழகியவளுக்கு அப்படித்தான் தோன்றும். இருபதும் அழுகின.

ஜூலை முதல் வாரத்தில் அரசங்கன்றுப் பக்கம் வந்தாள். கொடியை இழுத்தால் கூடவே சாமி வந்தது. எண்ணினால் முப்பத்தொன்று.

மன்னி பால்கனியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: ஒரு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றி, வாஷி பாலத்துக்குக் கொண்டுபோய், கடல் தண்ணீரில் போட்டுவிட்டு வா. ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறது. ஒரு மணி நேர வேலை.

அத்தை முதல் தடவையாகச் "சரி" என்று சொல்லவில்லை. "ஆபீஸ்ல ஒரு ஓட்டைக் குடையைக்கூட நாங்க தூக்கிப் போடமாட்டோம் மன்னி. யாரோடதுன்னு கேக்காம எப்படிப் போடறது?" என்றாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு நீள ரிஜிஸ்டரும் ஒரு கட்டு அட்டைச் சீட்டும் நூலும் வாங்கி வந்தாள். ஒவ்வொரு படத்தையும் துடைத்து, நூலில் சீட்டுக் கட்டினாள். கிடைத்த இடம்: பாத்தி ஒன்பது. பொருள்: முருகர், வள்ளி தெய்வானையுடன், கண்ணாடி விரிசல். படத்தைத் திருப்பினால் பின்னால் பெரும்பாலும் ஏதாவது எழுதியிருந்தது. "கிருஹப்பிரவேச நல்வாழ்த்துக்கள், சான்பாடா சித்தப்பா குடும்பத்தார்" என்ற மாதிரி. அதை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாள்.

பதினோரு படங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வாரத்தில் அவற்றின் பின்பக்கமும் பென்சிலால் ஃபிளாட் நம்பர் வந்திருந்தது, கோணல்மாணலாக. பில்டிங் மாமிகள் எல்லோரும் வருஷக்கணக்காக யார் கையில் கொடுத்து "மரத்தடியில வெச்சுட்டு வாடா" என்று அனுப்பினார்களோ அவனுக்குத்தான் அந்த நம்பர்கள் தெரியும். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமென்பதற்காகத்தான் எழுதினேன். வேறு காரணம் கிடையாது.

முகங்கள் நன்றாகவே போயின. அத்தை சாயந்திரம் ஏழு மணிக்கு பெல் அடிப்பாள். கதவு திறந்ததும் ஆபீஸ் குரலில், உங்கள் பொருள் ஒன்று கிடைத்திருக்கிறது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம் என்பாள். தன் தம்பி கையெழுத்தே பின்னால் இருக்க, அது எங்களுடையது இல்லை என்று ஒரு மாமி சாதித்தாள். அத்தை வாதாடவில்லை. ரிஜிஸ்டரில் "உரியவர் யோசிக்கிறார்" என்று எழுதிவிட்டு வந்தாள். மறுநாள் மாமி தானாக வந்து கையெழுத்துப் போட்டாள். வெங்கி கூரியர்க்காரனுக்குப் போடுகிற மாதிரி ஒரு கோடு இழுத்து, தன் வீட்டு சரஸ்வதியை வாங்கிக்கொண்டான். சிலர் வாங்கிய படத்தை அடுத்த வாரமே திரும்ப அரசங்கன்றடியில் வைத்தார்கள். அத்தை புதுச் சீட்டு எழுதினாள்: "இரண்டாம் முறை தொலைந்தது." மூன்றாம் முறை யாரும் தொலைக்கவில்லை.

இதில் நான் சும்மா இருக்க முடியுமா? ஒரு சீட்டைச் சுட்டு செக்ரட்டரியின் ஸ்கூட்டரில் கட்டினேன். "பொருள்: ஸ்கூட்டர். கிடைத்த இடம்: அடுத்தவர் பார்க்கிங். உரியவர் தேடப்படுகிறார்." கணேசபாண்டியன் தாராவியில் பட்டறை வைத்திருப்பவர். எதையும் சத்தமாகத்தான் பேசுவார். அன்றைக்கு மட்டும் ஒன்றும் பேசாமல் ஸ்கூட்டரை நகர்த்தி வைத்தார்.

ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. அத்தை மாடிமாடியாகச் சாமி கொடுத்துக்கொண்டிருந்த மூன்று வாரமும் கீழே கோரை தன் வேலையைப் பார்த்தது. ஆகஸ்ட் பிறக்க நாலு நாள் இருக்கும்போது வெங்கி திரும்ப டேப்போடு வந்தான்.

கொடிக்குள் சிக்கியிருந்த கடைசிப் படத்தை அன்றைக்குத்தான் எடுத்தாள். சுவரோடு ஒட்டிக் கிடந்த சின்னக் குருவாயூரப்பன். பின்னால் நீல மசியில், "சௌ. ராஜிக்கு, பத்தாவது பாஸ் செய்ததற்கு. அப்பா." ஹாலில் அவள் தலைமாட்டில் மாட்டியிருந்த படமாம். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது கோயிலில் கொடுத்தாகிவிட்டது என்று மன்னி சொல்லியிருந்தாள். அவளும் "சரி" என்றிருந்தாள்.

தயிருக்கு உறை வாங்கிவர அம்மா அனுப்பியதால் நான் அப்போது அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அத்தை உள்ளே வந்தாள். சாப்பாட்டு மேஜையில் ரிஜிஸ்டரைத் திறந்தாள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் ராஜலக்ஷ்மி. உரியவர் என்ற இடத்தில் ராஜலக்ஷ்மி. பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். பிறகு ஹால் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினாள். மாமா பேப்பரை இறக்கவில்லை. மன்னி எனக்கு உறை மோரை அளவுக்கு மேல் ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அத்தைக்கு ஒரு வேகம் வந்தது. காலை ஐந்தரைக்கு இறங்கிக் கோரைக்கிழங்கை ஒவ்வொன்றாகத் தோண்டி பக்கெட்டில் போட்டு, பக்கெட்டோடு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். சாணம் வாங்கிப் போட்டாள். ஒரு குழிக்கு இரண்டு விதையாக நட்டாள். பதினைந்தாம் தேதி பார்க்கும்போது மண் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. விரல் உயரத்தில் முளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ இலை. நடுவில் ஒன்று மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு, வட்ட இலையோடு, தனியாகச் செழித்து நின்றது.

கொடியேற்றி, ஜிலேபி கொடுத்து முடித்ததும் கமிட்டி வந்தது. மற்ற பாத்திகளில் தக்காளியும் மிளகாயும் காய்த்துத் தொங்கின. ஒன்பதாம் நம்பர் முன்னால் கணேசபாண்டியன் ஜிலேபிக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இதுல எது செடி, எது களைன்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்க? பயிர் இருக்கணும்னு போட்டிருக்கு. நாளைக்கு எல்லாரும் என்னையல்லா கேப்பாங்க" என்றார். அவர் கெட்ட மனிதரில்லை. நோட்டீஸ் எழுதியது தான்தான் என்பதை அவரால் மறக்க முடியவில்லை.

"டைம் கொடுத்தாச்சே பாண்டியன் சாப். பஸ் ஹோ கயா, போதும்" என்றான் வெங்கி.

செக்ரட்டரி குனிந்தார். எதையாவது ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். நடுவில் உயரமாக நின்றதன் தண்டை இரண்டு விரலால் பிடித்தார்.

அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆபீஸ் போகிற, "சரி" சொல்கிற, ஹாலில் கடைசியாகப் படுக்கிற ராஜி அத்தை, முப்பது பேர் பார்க்க, செக்ரட்டரியின் கையைப் பிடித்தாள்.

"கையை எடுங்கோ. அது என்னோடது."

அவர் எடுத்துவிட்டார்.

"எனக்கு இது மொதல் தடவை. எது என்னன்னு எனக்கே பாதி தெரியாது. காய்க்குமா, காய்க்காதான்னும் தெரியாது" என்றாள் அத்தை. "ஆனா பிடுங்கறதுன்னா என்னைக் கேட்டுட்டுப் பிடுங்குங்கோ."

கணேசபாண்டியன் பாத்தியைப் பார்த்தார். பத்து வருஷக் காடு இருந்த இடத்தில் மண் தெரிந்தது. பிறகு நோட்டைத் திறந்து, "ஒம்பது, ராஜலக்ஷ்மி. பயிர் இருக்கு. அடுத்து தசராவுக்குப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். வெங்கி டேப்பைப் பையில் போட்டுக்கொண்டான்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவள் காப்பாற்றிய அந்த உயரமான செடி வெண்டை இல்லை, துத்தி. சுத்தக் களை. என் அப்பாவுக்கு மூலத் தொந்தரவு உண்டு, துத்தி இலை பறித்துவரப் போகிறவன் நான்தான் என்பதால் எனக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் பில்டிங் ஒரு மாதம் சிரித்திருக்கும். என் கையில் கிடைத்த சமாச்சாரங்களிலேயே அதுதான் பெரியது. ஜிலேபியைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அத்தை அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். மற்றவற்றுக்கும் ஊற்றினாள். செப்டம்பரில் மற்றவை கை விரித்த மாதிரி இலை விட்டு, மொட்டுக் கட்டி, பிஞ்சும் விட்டன. துத்தி மட்டும் பொத்தான் அளவில் மஞ்சள் பூப் பூத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அதன் முன்னால் உட்கார்ந்து அதையும் பக்கத்துச் செடியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அடியோடு பிடித்து இழுத்தாள். சுவரில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அன்னிக்கு அதை என்னோடதுன்னு சொன்னேளே?"

"என்னோடதுதான்டா நகுல்" என்றாள் திரும்பாமல். "அதனாலதான் நான் பிடுங்கறேன்."

முதல் இழுப்புக்கு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பழைய ஷூக்காலை மண்ணில் ஊன்றி இன்னொரு தடவை இழுத்தாள். நீள வேரோடு வந்தது.