வீட்டிலிருந்து நகர்ந்த லாரி வரிசை

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பி ஆலையின் வாசலில் லாரிகள் வரிசை கட்டுவதில்லை. தண்ணீர் பாட்டில்கள்தான் கட்டும். வண்டியை ரோட்டோரம் போட்டுவிட்டு, எடைமேடைக்கு முன்னால் ஆளுக்கொரு பாட்டிலை வைத்துவிட்டு டிரைவர்கள் நாஷ்டாவுக்குப் போய்விடுவார்கள். அடுத்தவர் பாட்டிலைத் தாண்டி யாரும் வண்டியை விடமாட்டார்கள்.

இதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில் ஒரு லிஸ்ட் எழுதினால் போதுமே! வருகிற வண்டி வாலில் சேரும். தலையைக் காட்டி 'பாப்' என்றால் அது கழன்று, அதன் நம்பர் வாசலில் உள்ள மின்பலகையில் எரியும். எழுதி மாட்டினேன். முதல் நாளே கரண்ட் போனது. கம்ப்யூட்டர் கண் விழித்தபோது லிஸ்ட் காலி. பாட்டில்கள் அசையவில்லை.

"இன்னா தம்பி, உன் லைனு கரண்டோட போயிடுச்சா?" என்றார் வாட்ச்மேன்.

ரோஷம் வந்துவிட்டது. ஒரு பெயரைக் கொடுத்தால் அதன் கீழ் வைத்ததைத் திருப்பித் தரும் கிடங்கு ஒன்று உண்டு. கீ-வேல்யூ ஸ்டோர் என்பார்கள். அதை சர்வரில் போட்டு, லிஸ்ட்டை அதன்மேல் உட்கார வைத்தேன். எழுதும்போது அதே பழைய லிஸ்ட்தான், அதே பாப்தான். சரக்கு மட்டும் கிடங்கில் பத்திரமாக இருக்கும். பிறகு எத்தனை தடவை கரண்ட் போயும் வரிசை கலையவில்லை. பாட்டில்கள் மெல்லக் காணாமல் போயின. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

என் வாரலீவு அன்று கவரைப்பேட்டை வீட்டுக்கு போன் வந்தது. வரிசையில் காத்திருந்த சூலூர்ப்பேட்டை டிரைவர் ஒருவர்.

"நைனா, சாயங்காலம் பொண்ணு பாக்கப் போணும். என் வண்டி நம்பரு எப்ப வரும்?"

லேப்டாப்பில் ஆலையின் கிடங்கைத் திறந்து பார்த்தேன். "மதியத்துக்குள்ள வுட்ருவாங்கண்ணே" என்று தைரியம் சொன்னேன்.

லேப்டாப்பை மூடியிருக்கலாம். அக்கா வந்து, "அப்டி இன்னாதான் வேல பாக்குற?" என்று கேட்டுவிட்டாள்.

"இத பாரு, பாப். ஒண்ணு கழண்டுச்சா? பாப். இன்னொண்ணு." லிஸ்ட் என்றால் என் லேப்டாப்புக்குள் இருப்பது என்றுதான் விரலுக்குப் பழக்கம்; திறந்திருப்பது ஆலையின் நிஜ வரிசை என்பது மறந்தே போனது. கடைசி நம்பர் கழன்றதும் போன் அடித்தது. வாட்ச்மேன்.

"பலகைக்குப் பேய் புடிச்சிகிச்சி தம்பி! எல்லா நம்பரும் கூப்ட்டுடுச்சி. அத்தினி வண்டியும் மேடையாண்ட மூஞ்சிய முட்டிக்கினு நிக்குது. பொண்ணு பாக்கப் போற மாப்ள நட்டநடுவுல மாட்டிக்கினான்."

"அண்ணே, பேயி நான்தாண்ணே."

போனில் ஹாரன் சத்தம், அதற்கும் மேலே டிரைவர்களின் கூச்சல்: "மொதல்ல மாப்ள வண்டிய வுடுங்கப்பா!" ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். யாருக்குப் பின்னால் யார் என்று அவர்களே சொல்ல, வாட்ச்மேன் ஒப்பிக்க, நான் வீட்டிலிருந்தே வரிசையை மறுபடி கட்டினேன். தலையில் மாப்பிள்ளையின் நம்பர். இம்முறை தெரிந்தே பாப்.

"ஓ, இதான் உன் வேலையா?" என்றாள் அக்கா.

இருட்டிய பிறகு டிரைவரே கூப்பிட்டார்.

"ஏன் லேட்டுன்னு கேட்டாங்க நைனா. ஊட்ல குந்திக்கினு ஒரு தம்பி லாரிங்கள வெச்சி வெளாட்னான்னு சொன்னேன். பொண்ணு சிரிச்சிடுச்சி. ஓகே ஆயிடுச்சி. கல்யாணத்துக்கு வந்துடு."

"கண்டிப்பா வரேண்ணே."

"லேப்டாப்பு மட்டும் எடுத்தாராத."