கைகளை ஒளிப்பவர்

பேஸ்பால் ஆட்டத்தில் நடுவராக, கேட்சரின் தோளுக்குப் பின்னால் குனிந்ததும் துலுக்கானத்தின் கைகள் காணாமல் போய்விடும். இடது முன்கை வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். வலது கை தொடைக்குப் பின்னால் போகும். கட்டைவிரல்கள் முஷ்டிக்குள், முழங்கைகள் விலாவோடு. முகத்தில் கம்பி முகமூடி வேறு. முகப்பேர் பள்ளி மைதானத்தின் வெயிலில், தூரத்திலிருந்து பார்த்தால், கையில்லாத ஓர் உருவம் எதற்கோ காத்திருப்பது போலிருக்கும்.

"இன்னா அண்ணாத்தே, கைய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று மட்டை பிடித்தவர்கள் சீண்டுவார்கள்.

"ஆமா, அங்க பாத்திரம் கயுவிகினு கீது. நீ பந்த பாரு."

காரணம் எளியது. மட்டையின் ஓரத்தை உரசிய பந்து திசை மாறி நடுவர் மீதுதான் பாயும். முழங்காலில் கை ஊன்றி நிற்பவருக்கு விரல் முறியும். பேஸ்பால் நடுவர்கள் எல்லோரும் கற்கும் முதல் பாடம் இது. ஆனால் மற்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் கைகளை வெளியே எடுத்துவிடுகிறார்கள். துலுக்கானம் எடுப்பதில்லை. திருநின்றவூர் ரயிலில்கூட கம்பியைப் பிடிக்காமல், கைகளைச் சுருட்டிக்கொண்டு, ஆடி ஆடி நின்றே வருவார்.

"தூங்கசொல்ல கூட அப்டித்தான்," என்கிறார் மனைவி கலைவாணி. "கை எங்க கீதுனே தெரியாது. சில நாளு மூக்காண்ட விரல வெச்சி, மூச்சு வருதானு பாப்பேன்."

வார நாட்களில் அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டுகிறார். அங்கே மூன்றாம் பிரஸ் சில நேரம் யாரும் தொடாமலே இறங்கும். போன மாதம் தப்ரேஸ் என்பவரின் இரண்டு விரல்கள் அதில் போயின. "மிஷினு காவு கேக்குது" என்றார்கள். முதலாளி கோழி அறுத்தார், எலுமிச்சை கட்டினார். பேயுமில்லை, காவுமில்லை. க்ளட்ச் தேய்ந்திருக்கிறது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் இறங்க வேண்டிய பிரஸ்ஸில், வேகம் போதவில்லையென்று ஒரு பொத்தானை டேப் சுற்றி அழுத்தியே வைத்திருக்கிறார்கள். இதைப் பேயின் தலையில் கட்டுவது, விரல் போனவரிடம் 'உன் விதி' என்று சொல்லும் அயோக்கியத்தனம்.

துலுக்கானத்தைப் பற்றி எழுதுவதற்காக நான் பட்டறைக்குப் போன அன்று, மூன்றாம் பிரஸ்ஸை இவருக்கே கொடுத்திருந்தார்கள். ஓட்டாவிட்டால் வேலையில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றார். முழங்கால்கள் மடிந்தன. கைகள் மறைந்தன.

"இன்னாய்யா வேடிக்க? தகட்ட வையி," என்று சூப்பர்வைசர் ஹேமநாதன் கத்தினார். "அதான் பூஜ போட்டாச்சுல்ல?"

"இருங்க சார். வரும்."

"இன்னா வரும்?"

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. காய்ந்த எலுமிச்சை கயிற்றில் நடுங்கியது. தப்ரேஸ் தன் கட்டுப்போட்ட கையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். காரணம் தெரிந்தும் நான் ஓரடி பின்வாங்கினேன்.

யாரும் தொடவில்லை. பிரஸ் இறங்கியது. ஒரு கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இரும்பைக் கடித்தது.

துலுக்கானம் நிமிர்ந்தார். ஒளிந்திருந்த இரண்டு கைகளும் வெளியே வந்து, தலைக்கு மேல் உயர்ந்து, விரல்கள் விரிய நின்றன. ஆட்டத்தை நிறுத்த நடுவர் காட்டும் சைகை அது. பக்கத்து பிரஸ்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஹேமநாதன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். கைகள் இறங்கவில்லை.