திங்கட்கிழமை ஒன்பது மணி

மண்ணச்சநல்லூர் அரிசி மில்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள் மற்ற நாட்களில் சமர்த்தாக ஓடும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மயங்கி விழும். காரணம் ராகு காலம். அன்றைக்கு ஏழரையிலிருந்து ஒன்பது வரை எந்த மில்லிலும் வாரத்தின் முதல் எடைச்சீட்டைப் போட மாட்டார்கள். நெல் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஒன்பது அடித்ததும் அத்தனை மில்லும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தும். பத்தரைக்கு எமகண்டம் வேறு, அதற்குள் முடிக்கிற அவசரம்.

இவ்வளவையும் தாங்கியது ஒரே ஒரு சர்வர். அதைத் தூக்கிவிட்டுப் பெரிதாக வாங்கினோம். தை பிறந்து புது நெல் வந்ததும் அதுவும் படுத்துவிட்டது. மில்காரர்களின் சங்கத் தலைவர் நேரிலேயே வந்தார். கோபப்படவில்லை, காபிகூடக் குடித்தார்.

"அடுத்த திங்களும் நின்னுச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்குறோம்ங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

அவர்கள் போனால் அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். எனக்கு மறுபடி சென்னை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தை ஸ்கூட்டியில் தாண்டி வேலைக்குப் போகிற சுகம் கண்டபின், அந்த மின்சார ரயில் நெரிசலுக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

பளுவை நான்கு சிறிய சர்வர்களுக்குப் பிரிப்பது என்று முடிவானது. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் எனக்கும் எங்கள் மேனேஜருக்கும் சண்டை.

"பதிவுகள மாசவாரியா பிரிச்சிடலாம்மா. பாக்க சுத்தமா இருக்கும்."

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு எல்லாரும் ஒரே மாசத்துலதானே சார் இருப்பாங்க? ஒண்ணு சாகும், மூணு தூங்கும்."

அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. போன திங்கட்கிழமையின் பதிவுகளை அவர் முறைப்படியே பிரித்து, அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினேன். ஒன்று செத்தது, மூன்று தூங்கின. அதற்குப் பிறகுதான் மனிதர் என் வழிக்கு வந்தார்.

என் வழி, மில்வாரியாகப் பிரிப்பது. ஒரு மில்லின் எடையும் இருப்பும் பில்லும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருப்பவை. அவை ஒரே சர்வரில் இருக்க வேண்டும். அடுத்த மில் அடுத்த சர்வருக்குப் போகலாம். கூட்டுக்குடும்பத்தைப் பாகம் பிரித்தாலும் புருஷன் பெண்டாட்டியைத் தனித்தனி வீட்டிலா வைப்பார்கள்? பெரிய மில்கள் ஒரே இடத்தில் குவியாமல் பரப்பினேன். எந்த மில் எந்த சர்வர் என்று பார்த்து அனுப்ப, வாசலில் ஒரு சின்ன நிரலை வைத்தேன்.

பதிவுகளை இடம் மாற்றி முடித்தபோது திங்கள் காலை எட்டு மணி தாண்டிவிட்டது. மில்களைப் புது சர்வர்களுக்குத் திருப்பிவிடப் போனேன், மேனேஜர் தடுத்தார்.

"ராகு காலம்மா. ஒம்பதுக்கு மாத்திக்கலாம்."

ஒன்பதுக்குத்தான் மொத்த மில்லும் வரப்போகிறது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தபின் அடுப்பை இடம் மாற்றச் சொல்கிறார்.

"ராகு காலத்துல யாரும் உள்ள வர மாட்டாங்க சார். நமக்கு இதவிட நல்ல நேரம் கெடையாது."

மாற்றிவிட்டேன். அவர் ஜன்னல் வழியே மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டார்.

ஒன்பது ஆனது. திரையில் நான்கு சர்வர்களின் பளுவைக் காட்டும் கோடுகளும் சேர்ந்து எழும்பின. கோடுகள் பாதி உயரத்தில் நின்றன, ஒரு சர்வரும் விழவில்லை. அப்போது போன் அடித்தது. சங்கத் தலைவர். மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, மத்த மில்லுக்கெல்லாம் இன்னைக்கு லீவா? தட்டுன ஒடனே சீட்டு வந்துடுச்சு."

"யாருக்கும் லீவு இல்லைங்க. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்ப நாங்களும் உள்ளயே இருக்கோம்மா. வெக்கிறேன், லாரி நிக்குது."