தசமத்திலிருந்து

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை மறுபடி எழுதத் தீர்மானித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை. கணிதத்தில் சித்தியடைந்தால் நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இருந்த வருடங்களைவிட இல்லாத வருடங்களே அதிகம். ஆகவே மறப்பதற்கும் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்பதுதான் சிக்கல். பெல்மதுளையில் பதினோராம் ஆண்டுக் கணிதப் புத்தகம் வாங்கி, நேரே சமன்பாடுகளில் குதித்தேன். தசமமெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்ற திமிர். இரண்டு மாதம் சமன்பாடுகள் என்னைப் பாடாய்ப் படுத்தின.

அந்த நாட்களில்தான் தாய், சேய் நலம் பார்க்கும் மருத்துவமாது காம்பராவுக்கு வந்தார். மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்து எழுதுவது என் பொறுப்பு. அவர் ஒரு பிள்ளையின் அட்டையைப் பார்த்தார்.

"இது மூணு மாசமா எட்டுக் கிலோவுலயே நிக்குதே?"

"கொறையலிங்களே மிஸ்."

பிள்ளையைத் தராசில் உட்கார வைத்தார். 8.1 காட்டியது. "போன மாசம் புள்ளிக்குப் பொறகு என்ன இருந்துச்சு?"

"அத நாங்க எழுதுறதில்லிங்க."

உண்மைதான். பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்தவள் நான். நிறுக்கும்போது பதினெட்டு புள்ளி ஏழு என்று காட்டினாலும் பதினெட்டுதான் பதிவாகும். அதற்காகக் கணக்கப்பிள்ளையை வாயில் வந்தபடி ஏசியிருக்கிறேன். ஆனால் என் கைக்குப் பேனா வந்ததும், நிறை எழுதும் முறையே அதுதான் என்பதுபோல நானும் எழுதிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளைக்கு முதல் மாதம் 8.9, அடுத்த மாதம் 8.5. பார்த்த ஞாபகம் இருந்தது. இந்த மாதத்தோடு சேர்த்து மூன்றுக்கும் எட்டு என்று அழகான எழுத்தில் போட்டிருந்தேன்.

மிஸ் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பிள்ளையை அன்றைக்கே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மாலையில் பக்கத்து வீட்டில் ஆறாம் ஆண்டுப் புத்தகத்தை இரவல் வாங்கி, தசமம் பாடத்தைத் திறந்தேன். அதில் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு கோடு இருந்தது. நான் அதே கோட்டை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே போட்டுப் பத்தாகப் பிரித்தேன். 8.9இல் விரலை வைத்து 8.1 வரை பின்னோக்கி எண்ணினேன். எட்டுக் கீறல்.

பத்து நாள் கழித்துப் பிள்ளை திரும்பி வந்தது. சிறுநீரில் கிருமியாம், மருந்தில் குணமாகிவிட்டது. தாய் என்னோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள். பிள்ளையை என்னிடம் கொடுக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, ஒழுங்கா எழுதியிருந்தா போன மாசமே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் உள்ளே வந்து பிள்ளையைத் தானே தராசில் வைத்தாள்.

"இப்ப எழுதுங்க. பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன்."