அடிமேல் அடி

நோர்வேயின் ஒஸ்லோ நகரத்துப் புறநகரான புருசெத்தில் வசிக்கும் கமலாதேவி அங்கே பஸ் ஓட்டுபவள். ஐம்பத்து நான்கு வயது. கூட வேலை செய்யும் நோர்வேக்காரர் ஆறு பேர் நேபாள மலைக்கிராமங்கள் ஊடாக இருபத்திரண்டு நாள் நடக்கக் கிளம்பியபோது, தானும் பெயர் கொடுத்துவிட்டாள்.

"மூண்டாம் மாடிக்கே லிஃப்ட் தேடுற ஆளுக்கு இமயமலையோ?" என்றார் கணவர் ஜெயரத்தினம்.

"ஓம். நான் வாறதுக்கிடையிலை நீங்கள் சோறு வடிக்கப் பழகுங்கோ."

பத்தொன்பதாம் நாள், ஐயாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கணவாய். நடக்கத் தொடங்கிய வயதிலேயே பனியில் சறுக்கப் பழகிய அந்த ஆறு பேரும் விறுவிறுவென ஏறி, பாதியில் மூச்சு முட்டிக் குந்திவிட்டார்கள். பின்னால் வந்த கமலாதேவி நிற்கவில்லை. கோயில் திருவிழாவில் அடிப்பிரதட்சணம் செய்வதுபோல, ஒரு காலின் விரலோடு மறுகாலின் குதி முட்ட வைத்து, ஓரடிக்கு ஒரு மூச்சாக ஏறினாள். தன் காலை மட்டும் பார்த்து வரச்சொல்லி அவர்களையும் எழுப்பினாள்.

உச்சியில், கொடிகள் கட்டிய கற்குவியலருகே, இந்த நடையை எங்கே படித்தாய் என்று ஒருவன் கேட்டான். கோயிலில் என்றும், அங்கே மூன்று சுற்று வரவேண்டும் என்றும் நோர்வே மொழியில் சொன்னாள்.

சொன்ன கையோடு கற்குவியலை வலம் வரத் தொடங்கினாள். ஆறு பேரும் மறுபேச்சில்லாமல் பின்னால் போனார்கள்.